ஹாலிவுட் டிக்கெட்டில் பிரெஞ்சு சினிமா: ஒரு வரி எழுபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை

பாரிஸில் ஒருவர் 10 யூரோ கொடுத்து சினிமா டிக்கெட் வாங்கினால் அதில் 1 யூரோ 7 சென்ட் தேசிய சினிமா மையத்துக்குப் போகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த அமைப்பை சி.என்.சி. என்பார்கள். விகிதம் துல்லியமாகச் சொன்னால் 10.72 சதவீதம். திரையில் ஓடுவது பிரெஞ்சுப் படமா, அமெரிக்க சூப்பர் ஹீரோ படமா, நம் ஊர்த் தமிழ்ப் படமா என்று இந்த வரி பார்ப்பதில்லை. டிக்கெட் விற்றால் பிடித்தம் உண்டு. பிடித்த பணம் அரசின் பொதுக் கஜானாவில் கலப்பதில்லை. நேராக மையத்தின் நிதிக்குப் போய், அங்கிருந்து அடுத்த படத்துக்கும், அடுத்த தியேட்டர் இருக்கைக்கும், அடுத்த திரைக்கதைக்கும் திரும்புகிறது.

பண்பாட்டுத் தொழில்களுக்கு அரசு உதவ வேண்டுமா என்ற பேச்சு வந்தாலே ‘மானியம்’ என்று ஒருவர் சொல்வார், ‘வரிப்பணம் வீண்’ என்று இன்னொருவர் சொல்வார். பிரான்ஸ் இந்த இரண்டுக்குள்ளும் சரியாக அடங்காது. அங்கே விவசாயியின் வரியிலிருந்து சினிமாவுக்குப் பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. சினிமா பார்த்தவரிடம், பிற்பாடு தொலைக்காட்சியிடம், இப்போது இணையத் தளங்களிடம் வாங்கி, படம் எடுப்பவரிடமே திருப்பித் தருகிறார்கள். வெற்றியும் விகாரமும் இரண்டுமே அந்த ஏற்பாட்டிலிருந்துதான் வருகின்றன.

தொடக்கம் ஒரு கடன் பேச்சுவார்த்தை. போரில் நொடிந்துபோன பிரான்ஸ் 1946இல் தன் மூத்த தலைவர் லெயோன் ப்ளூமை வாஷிங்டனுக்கு அனுப்பியது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பைர்ன்ஸுடன் மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் பழைய போர்க்கடன் தள்ளுபடியானது, புதுக்கடன் கிடைத்தது. கூடவே சினிமா பற்றிய ஒரு பிரிவும் இருந்தது: மூன்று மாதத்தின் 13 வாரங்களில் 4 வாரம் மட்டும் தியேட்டர்கள் பிரெஞ்சுப் படம் போட்டால் போதும், மற்ற வாரங்களில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்ஸுக்குள் வராத அமெரிக்கப் படங்கள் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தன. சொந்த நாட்டில் எப்போதோ போட்ட காசை எடுத்துவிட்ட அந்தப் படங்களை எந்த விலைக்கும் விற்க முடிந்தது. அடுத்த ஆண்டே ஸ்டூடியோக்களில் வேலை வற்றியது. 1948 ஜனவரி 4 அன்று நடிகர்களும் டெக்னீஷியன்களும் தொழிலாளர்களுமாக ஆயிரக்கணக்கானோர் பாரிஸ் தெருக்களில் ஊர்வலம் போனார்கள்.

அதற்குப் பலன் இருந்தது. 4 வாரம் 5 ஆனது. பெரிய மாற்றம் அதே ஆண்டு செப்டம்பரில் வந்த சட்டம்: டிக்கெட் மீது கூடுதல் வரி, அதிலிருந்து பிரெஞ்சுப் படங்களுக்கு உதவி. சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக’ என்று இருந்தது. (அரசாங்கத்தின் தற்காலிக வரிகளுக்கு ஆயுசு கெட்டி, எந்த நாடாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.) வசூலையும் கணக்கையும் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. சி.என்.சி. 1946 அக்டோபரிலேயே சட்டப்படி உருவாகியிருந்தது. அப்போது அது இருந்தது தொழில்துறையின் கீழ். சினிமா கலையா என்று கேட்கும் முன்பே, அது வேலைவாய்ப்பு தரும் தொழில் என்று ஒத்துக்கொண்டுதான் அந்த அரசு தொடங்கியது.

பணம் எப்படித் திரும்புகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் சி.என்.சி.யில் ஒரு கணக்கு உண்டு. அவருடைய பிரெஞ்சுப் படத்துக்கு எத்தனை டிக்கெட் விற்றதோ அதற்கேற்ப அந்தக் கணக்கில் தொகை ஏறும். அதைப் பணமாக எடுத்துக்கொண்டு போய் வீடு வாங்க முடியாது. அடுத்த பிரெஞ்சுப் படத்தில் போடத்தான் முடியும். முந்தைய படத்தில் சம்பள பாக்கி இருந்தால் அதை அடைக்க இந்தத் தொகையில் முன்னுரிமை உண்டு. விகிதமும் ஒரே சீராக இல்லை. முதல் சில லட்சம் டிக்கெட் வரை, படம் கட்டிய வரியைவிடக் கூடுதலாகவே கணக்கில் ஏறும். படம் மெகா ஹிட்டாகிவிட்டால் அதற்கப்புறம் ஏறுவது சொற்பம். கட்டியதைவிடக் கூடுதலாக எங்கிருந்து வரும்? ஹாலிவுட் படங்களின் டிக்கெட்டில் பிடித்த வரியிலிருந்து. அந்தப் படங்களின் தயாரிப்பாளருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

விநியோகஸ்தருக்கும் இதுபோல் கணக்கு உண்டு, தியேட்டர்காரருக்கும் உண்டு. தியேட்டர்காரரைப் பொறுத்தவரை எந்த நாட்டுப் படம் ஓடினாலும் தொகை ஏறும். அதை வைத்து இருக்கை மாற்றலாம், ஒலி அமைப்பை மாற்றலாம், புதிய திரை கட்டலாம். சிறு நகரங்களில் பல ஒற்றைத் திரையரங்குகள் மூடாமல் தப்பியதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அந்த நாட்டில் 6,000க்கும் மேற்பட்ட திரைகள் இருக்கின்றன. ஹாலிவுட் படம் கொண்டுவரும் கூட்டத்தாலும் தியேட்டர்காரர் லாபமடைகிறார் என்பதால், அவர் இந்த ஏற்பாட்டுக்கு எதிரியாக மாறவில்லை. கொள்கை வகுத்தவர்களின் புத்திசாலித்தனத்தை இங்கேதான் நான் அதிகம் மெச்சுவேன். ஒரு தரப்பைக் காப்பாற்ற இன்னொரு தரப்பை நஷ்டப்படுத்தும் சட்டம் நிலைப்பது அபூர்வம்.

தமிழ்நாட்டில் நாம் போன வழி இதற்கு நேர் எதிர். 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி முழுவதும் விலக்கப்பட்டது. 2011இல் ‘யு’ சான்றிதழ், தமிழ்ப் பண்பாட்டுக்கு ஏற்ற கதை என்று நிபந்தனைகள் கூடின. ஆங்கிலப் பெயர்கள் மாறின, அது உண்மை. விட்டுக்கொடுத்த பணம் எங்கே போனது? டிக்கெட் வாங்கியவருக்கு விலை குறையவில்லை என்பது ஊரறிந்த விஷயம். அது தியேட்டருக்கும் விநியோகஸ்தருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே ஏதோ ஒரு விகிதத்தில் பிரிந்தது. அடுத்த படத்தில்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. விட்டுக்கொடுத்ததோ உள்ளாட்சிகளுக்குச் சேர வேண்டிய வருமானம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து, அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது தமிழகத் தியேட்டர்கள் சில நாள் கதவடைத்தன. அப்போதும் கேட்டது வரியைக் குறைக்கத்தான். வாங்கும் வரியைத் தொழிலுக்கென்று தனி நிதியாக வைக்கச் சொன்ன குரல் பெரிதாக எழவில்லை.

பிரான்ஸுக்குத் திரும்புவோம். டிக்கெட் கணக்குப்படி உதவி என்றால் ஏற்கெனவே ஓடும் படம் எடுப்பவருக்கே மேலும் கிடைக்கும். புதியவர் எப்படி நுழைவார்? 1959இல் பண்பாட்டுக்கென ஓர் அமைச்சகம் உருவாகி, எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ அமைச்சரானார். சி.என்.சி. தொழில்துறையிலிருந்து அவர் கைக்கு மாறியது. ‘வசூல் மீதான முன்பணம்’ என்ற திட்டம் அந்த ஆண்டே வந்தது. ஒரு குழு திரைக்கதையைப் படித்து, பிடித்திருந்தால் வட்டியில்லா முன்பணம் தரும். படம் வசூலித்தால் திருப்பிக் கட்ட வேண்டும். முழுதாகத் திரும்பி வருவது மிகக் குறைவு, அது எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது. ஒரு கணக்கு சந்தை சொல்வதைக் கேட்கிறது, இன்னொரு கணக்கு சந்தை சொல்லாததைக் கேட்கிறது. முதலாவது பெரிது, இரண்டாவது சிறிது. பேர் கிடைப்பதெல்லாம் இரண்டாவதற்குத்தான்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. 1957இல் பிரான்ஸில் 41.1 கோடி டிக்கெட் விற்றது. 1992இல் 11.6 கோடி. டிக்கெட் வரியை மட்டும் நம்பியிருந்தால் நிதியும் அதே வேகத்தில் வற்றியிருக்கும்.

இங்கே பக்கத்து நாடான இத்தாலியைப் பார்க்காமல் தாண்ட முடியாது. 1955இல் இத்தாலியில் விற்ற டிக்கெட் 81.9 கோடி, பிரான்ஸைப் போல இரண்டு மடங்கு. இயக்குநர்களின் புகழிலும் இத்தாலி ஒரு படி மேலே என்று வாதிடலாம். 1976இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் தனியார் ஒளிபரப்புக்கு வழிவிட்டது. புற்றீசல் போல் சேனல்கள் கிளம்பின; எந்த விதியும் இல்லாமல் நாள் முழுக்கப் படம் போட்டன. பின்னாளில் பிரதமரான சில்வியோ பெர்லுஸ்கோனியின் தொலைக்காட்சிச் சாம்ராஜ்யம் எழுந்தது அந்த வெற்றிடத்தில். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் டிக்கெட் விற்பனை 10 கோடிக்கும் கீழே போய்விட்டது. திறமை குறைந்து அந்தத் தொழில் சரியவில்லை. படத்தைக் காட்டிச் சம்பாதித்த புதிய ஊடகம் படம் எடுக்கக் காசு தர வேண்டும் என்ற சட்டம் சரியான நேரத்தில் அங்கே வரவில்லை.

பிரான்ஸ் தொலைக்காட்சியை வாசலிலேயே நிறுத்திப் பேரம் பேசியது. 1984 நவம்பரில் தொடங்கிய கனால் ப்ளஸ் என்ற கட்டணச் சேனலுக்கு, மற்றவர்களுக்கு முன்பே புதுப்படம் போடும் சலுகை கிடைத்தது. பதிலுக்கு அது தன் வருமானத்தில் ஏறக்குறைய 9 சதவீதத்தைப் பிரெஞ்சுப் படங்களில் போட வேண்டியிருந்தது. அதுவும் பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே உரிமையை வாங்கிக்கொள்ளும் விதத்தில். சாட்டிலைட் உரிமை விற்று ஷூட்டிங் போகும் நம் தயாரிப்பாளர்களுக்கு இது அந்நியமான விஷயமில்லை. வேறுபாடு, அங்கே சேனல் ‘இந்த வருடம் வேண்டாம்’ என்று கைவிரிக்க முடியாது. இலவச சேனல்கள் தங்கள் விற்றுமுதலில் 3.2 சதவீதம் சினிமாவில் போட வேண்டும். 1986 முதல் சேனல்களின் வருமானத்திலிருந்து சி.என்.சி. நிதிக்குத் தனி வரியும் உண்டு. காலப்போக்கில் டிக்கெட்டை விட அதிகம் தருவது தொலைக்காட்சியின் வரிதான் என்றாகிவிட்டது. மொத்த நிதி இன்று ஆண்டுக்குச் சுமார் 70 கோடி யூரோ.

பணத்தோடு நேரத்தையும் பங்கு போட்டார்கள். புதுப்படம் வெளியாவது புதன்கிழமை. புதன், வெள்ளி இரவுகளிலும் சனிக்கிழமைகளிலும் சாதாரண சேனல்கள் பொதுவாகப் படம் போடக்கூடாது என்று விதி. மக்கள் தியேட்டருக்குப் போகும் பொழுதைத் தொலைக்காட்சி பறிக்கக்கூடாதாம். 2020 ஆகஸ்டில்தான் இந்த விதி பெரும்பாலும் நீங்கியது. டிவியில் சினிமா விளம்பரத்துக்கும் அதுவரை தடை. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் மட்டுமே விளம்பர நேரத்தை வாங்க முடியும், சின்னப் படம் காணாமல் போய்விடும் என்பது காரணம்.

1993இல் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் அமெரிக்கா இந்தத் தடுப்புகளை உடைக்கப் பார்த்தது. படங்களைச் சோப்பு, கார் போன்ற சரக்காக நடத்தக்கூடாது என்று பிரான்ஸ் ஐரோப்பாவையே தன் பின்னால் திரட்டி நின்றது. தன் பண்பாட்டைக் காக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு என்ற யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பன்மை உடன்படிக்கைக்கு 2005 அக்டோபரில் 148 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை இரண்டே நாடுகள், அமெரிக்காவும் இஸ்ரேலும். இந்தியா ஆதரித்தது.

சரி, இத்தனையும் பொருளாதாரத்துக்கு என்ன தந்தது? 2011இல் டிக்கெட் விற்பனை 21.7 கோடிக்கு ஏறியது. கொரோனாவுக்கு முந்தைய 2019இல் 21.3 கோடி. 2024இல் 18.1 கோடி டிக்கெட்டில் சுமார் 44 சதவீதம் பிரெஞ்சுப் படங்களுக்கு விற்றவை. அமெரிக்கப் படங்களின் பங்கு அதற்குக் கீழே. ஐரோப்பாவில் வேறெந்தப் பெரிய நாட்டிலும் உள்ளூர்ப் படங்கள் ஆண்டுதோறும் இந்த அளவைத் தொடுவதில்லை.

பண்பாட்டுத் துறை முழுவதையும் அளக்கும் முயற்சியும் நடந்தது. நிதி, பண்பாட்டு அமைச்சகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து தயாரித்த அறிக்கை 2014 ஜனவரியில் வெளியானது. பண்பாட்டுத் துறைகள் கூட்டும் மதிப்பு 5,780 கோடி யூரோ, உள்நாட்டு உற்பத்தியில் 3.2 சதவீதம், 6.7 லட்சம் வேலைகள், மோட்டார் வாகனத் தொழிலைப் போல ஏழு மடங்கு என்றது அறிக்கை. தலைப்புச் செய்தி அந்த ஏழு மடங்குதான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. பண்பாட்டுப் பக்கம் விளம்பரம் வரை எல்லாவற்றையும் சேர்த்து, கார் பக்கம் தொழிற்சாலையோடு நிறுத்திக்கொண்டால் எந்த மடங்கும் வரும். பண்பாட்டு அமைச்சகத்தின் சொந்தப் புள்ளியியல் பிரிவு, சற்றுக் குறுகிய வரையறையில், 2011க்குக் கணக்கிட்டது 4,000 கோடி யூரோ, 2.2 சதவீதம். இந்தச் சின்ன எண்ணே போதுமான அளவு பெரியது. ஊதிப்பெருக்கிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவர்களுக்கு, எதிராளி அதைக் குத்தியதும் மொத்த வாதமும் போய்விடும்.

வேலை என்று வரும்போது இன்னொரு தூணையும் பார்க்க வேண்டும். படப்பிடிப்பு ஆண்டு முழுக்க நடக்காது. லைட்மேனுக்கும் எடிட்டருக்கும் நாடக நடிகருக்கும் இரண்டு வேலைக்கு நடுவே மாதக்கணக்கில் இடைவெளி. 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால் அந்த இடைவெளிகளில் வேலையின்மைப் படி கிடைக்கும் என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் வாழ்கிறார்கள். 2003இல் விதிகளை இறுக்கியபோது நடந்த வேலைநிறுத்தத்தில் அவிஞோன் நாடக விழாவே ரத்தானது. இந்தத் தூணுக்கான காசு சினிமாவிலிருந்து வரவில்லை. எல்லாத் தொழில்களின் ஊழியரும் முதலாளியும் கட்டும் காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 100 கோடி யூரோ அளவுக்குப் பற்றாக்குறை என்று, அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தணிக்கை நீதிமன்றம் சுட்டிக்காட்டியிருக்கிறது. சினிமா தன் காலில் நிற்கிறது என்று பெருமை பேசுபவர்கள் இந்தச் செலவைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். தயாரிப்பாளர்கள் சிலர், செலவைக் குறைக்க, ஊழியரை ஆண்டின் பாதியில் அந்தப் படியின்மேல் தள்ளிவிடுகிறார்கள் என்ற புகார் பழையது.

எது பிரெஞ்சுப் படம் என்ற கேள்வி அடுத்தது. உதவி பெற மொழி, நடிகர், டெக்னீஷியன், படப்பிடிப்பு இடம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ழான்-பியர் ழெனே 2004இல் எடுத்த முதல் உலகப் போர்ப் படம் பிரெஞ்சு மொழி, பிரெஞ்சு நாவல், பெரும்பாலும் பிரெஞ்சு நடிகர்கள், பிரெஞ்சுப் படக்குழு. தயாரித்த கம்பெனியோ ஹாலிவுட்டின் வார்னர் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை உருவாக்கியது. பிரெஞ்சுத் தயாரிப்பாளர் சங்கங்களே வழக்குப் போட்டன. அமெரிக்க நிறுவனம் பின்வாசல் வழியாக நிதிக்குள் நுழைகிறது என்று சொல்லி, அந்த ஆண்டு நவம்பரில் பாரிஸ் நீதிமன்றம் உதவிக்கான அனுமதியை ரத்து செய்தது. மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. படத்தில் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள், லாபம் போகும் திசை மட்டும் வேறு. நிதி தொழிலாளிக்கா, முதலாளிக்கா என்ற கேள்விக்கு நீதிமன்றம் இரண்டாவது விடையைத் தந்தது. எனக்கு அது சட்டப்படி சரியாகவும் நியாயப்படி கோணலாகவும் படுகிறது.

அதே நிதிக்கு இன்னொரு முகமும் உண்டு. உலக சினிமாவுக்கென்று அதில் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். பாயல் கபாடியா மும்பையை வைத்து, மலையாளம் அதிகம் பேசும் செவிலியர்களைப் பற்றி எடுத்த படம் அந்த உதவியும் பிரெஞ்சுத் தயாரிப்பாளரும் சேர்ந்து உருவானது. 2024இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கியது. இந்தியாவிலிருந்து ஆஸ்கருக்குப் படம் தேர்ந்தெடுத்த குழுவோ, இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் பார்ப்பது போலிருந்தது என்று சொல்லி வேறொன்றை அனுப்பியது.

உள்ளே இருந்து வரும் விமர்சனமும் கடுமையானது. ஆண்டுக்கு 300 அளவில் படங்கள் தயாராகின்றன. ஒவ்வொரு புதன்கிழமையும் பத்துப் பதினைந்து படம் வரிசை கட்டி நின்றால், பார்ப்பவர் யார்? உதவி பெற்ற படங்களில் மூன்றில் ஒரு பங்கு 20,000 டிக்கெட்டைக்கூடத் தாண்டவில்லை என்று 2023இல் தணிக்கை நீதிமன்றம் எழுதியது. தியேட்டர் வசூலை மட்டும் வைத்து லாபம் பார்ப்பவை மிகச் சில. விநியோகஸ்தர் வாஞ்சான் மராவால் 2012 டிசம்பரில் ‘லே மோந்த்’ நாளிதழில் எழுதிய கட்டுரை பெரிய சண்டையைக் கிளப்பியது: சேனல்கள் கட்டாயமாகப் பணம் போடுகின்றன, அவை கேட்பதோ தெரிந்த முகங்களை, அதனால் ஓடாத படத்திலும் நட்சத்திரத்தின் சம்பளம் ஏறுகிறது என்றார் அவர். சேனல் கட்டாயமாகத் தரும் பணத்துக்கு யாரிடமும் அக்கறை இருக்காது, அதனால் செலவு வீங்கும் என்ற அந்த வாதத்துக்கு இன்றுவரை நல்ல பதில் வரவில்லை. ஓடாத படங்களை வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களை நம்பவும் எனக்குத் தயக்கம். எந்த முதல் பட இயக்குநர் மூன்றாவது படத்தில் உலகைத் திரும்பிப் பார்க்க வைப்பார் என்று எந்தக் குழுவுக்கும் முன்கூட்டித் தெரியாது. 2023இல் கான் விழாவின் முதல் விருதான தங்கப் பனையை வாங்கிய இயக்குநர் ஜுஸ்டின் த்ரியே மேடையிலேயே சொன்னது இதைத்தான். பண்பாட்டை வணிகமாக்கும் அரசு, தன்னைப் போன்றோர் தவறிவிழுந்து எழ இடம் தந்த ஏற்பாட்டை உடைக்கிறது என்றார். நன்றிகெட்ட பேச்சு என்ற பொருளில் பண்பாட்டு அமைச்சர் பதிலடி கொடுத்தார்.

நிதிக்கு நிஜமான ஆபத்து மேடைப் பேச்சிலிருந்து வருவதில்லை. தனியாகச் சேர்ந்திருக்கும் பணம் நிதியமைச்சரின் கண்ணில் படாமல் இருக்காது. 2013 நிதிநிலை அறிக்கையில் சி.என்.சி.யின் கையிருப்பிலிருந்து 15 கோடி யூரோவைப் பொதுக் கஜானா எடுத்துக்கொண்டது. 2025இல் எடுத்தது 40 கோடிக்கும் மேல். அந்த ஆண்டு எந்தப் படமும் நின்றுபோகவில்லை, காரணம் அது கையிருப்பு. ஆனால் டிக்கெட் வாங்கியவர் கொடுத்த காசு சினிமாவுக்கே போகும் என்ற பழைய வாக்குறுதியை வைத்துத்தான் தியேட்டர்காரரும் சேனலும் வரி கட்டச் சம்மதித்திருந்தார்கள்.

புதிதாக வந்தவர்களையும் பழைய முறையில்தான் பிரான்ஸ் எதிர்கொள்கிறது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் இணையத் தளங்களும் 2018 முதல் சி.என்.சி.க்கு வரி கட்டுகின்றன. இப்போது விகிதம் 5.15 சதவீதம். 2021 ஜூலையில் அமலுக்கு வந்த ஆணைப்படி நெட்ஃபிளிக்ஸ், அமேசான், டிஸ்னி போன்றவை பிரான்ஸில் ஈட்டும் வருமானத்தில் 20 முதல் 25 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுப் படைப்புகளில் போட வேண்டும். அதிகம் போடுபவருக்குக் காத்திருக்கும் காலம் குறையும். கனால் ப்ளஸ் தியேட்டர் வெளியீட்டுக்கு ஆறு மாதம் கழித்துப் படம் போடலாம். நெட்ஃபிளிக்ஸுக்கு 15 மாதம். டிஸ்னிக்கு 17 மாதமாக இருந்தது. இந்தக் காத்திருப்பு பிடிக்காமல் 2022இல் ஒரு பெரிய மார்வெல் படத்தைப் பிரெஞ்சுத் தியேட்டர்களுக்கே தரமாட்டோம் என்று டிஸ்னி மிரட்டிப் பார்த்தது, கடைசியில் தந்தது. 2025 ஜனவரியில் வருமானத்தின் 25 சதவீதத்தைப் போட ஒப்புக்கொண்டு, 17 மாதத்தை 9 மாதமாகக் குறைத்துக்கொண்டது. நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தப் படங்களைப் பிரெஞ்சுத் தியேட்டர்களில் வெளியிடுவதில்லை. வெளியிட்டால், தன் படத்தைத் தன் சந்தாதாரருக்கே காட்ட 15 மாதம் பொறுக்க வேண்டும்.